மாப்பிள்ளையின் வலது பக்கம்

அந்தத் தெருவில் முகம் மழிக்கப் போகிறவன் மோட்சத்துக்கும் சேர்த்துத்தான் உட்கார வேண்டும். சலூன் வைத்திருந்தவன் அப்படிப்பட்ட ஆள். தெருக்காரர்கள் அவனுக்கு 'ரட்சிப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். "ரட்சிப்புக்குப் போய்ட்டு வரேன், தாடி அரிக்குது" என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். கேட்டால் அவனுக்குக் கோபம் வர வேண்டாமா? வராது. பெரிய பட்டம் கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவான்.

அவன் ஊழியம் செய்கிற அழகைக் கேளுங்கள். கன்னத்தில் நுரை ஏறும்வரை வாயைத் திறக்க மாட்டான். மழை, வெயில், யார் வீட்டில் விசேஷம் என்று சாதுவாகத்தான் பேச்சு ஓடும். நுரை உதட்டைத் தொட்டதும், கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "ஐயா, இன்னிக்கே உங்க உயிர் போச்சுன்னா எங்க போவீங்க?" என்பான். அந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது! உட்கார்ந்திருக்கிறவனால் பதில் சொல்ல முடியாது, தலையாட்ட முடியாது, எழுந்து ஓடவும் முடியாது. கண்ணை மட்டும் உருட்டுவான். உருட்டினால் போதும், கர்த்தர் தொட்டுவிட்டார் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, "இந்த வாரமும் ஒரு ஆத்துமா" என்று சாட்சி சொல்வான், கூட்டம் அல்லேலூயா போடும். அந்த ஆத்துமாவோ அதே நேரத்தில் தன் வீட்டில் கன்னத்தில் படிகாரம் தேய்த்தபடி இவனைத் திட்டிக்கொண்டிருக்கும்.

போதாததற்கு நாற்காலியையும் திருப்பிப் போட்டிருந்தான். எந்த ஊர் சலூனிலாவது கண்ணாடிக்கு முதுகைக் காட்டி ஆளை உட்கார வைப்பார்களா? இவன் வைப்பான். "கண்ணாடியைப் பார்த்தா மனுஷன் தன் மூஞ்சியைத்தான் பார்ப்பான், நான் சொல்றதைக் கேட்க மாட்டான்" என்பது அவன் கண்டுபிடிப்பு. அதனால் அவன் எதிரே நின்று, முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டே மழிப்பான். எதிரே நிற்கிறானா, தன் கைப்பக்கத்தை வைத்தே திசையும் சொல்வான். "வலது பக்கம் திரும்புங்க" என்றால் அது அவனுடைய வலது. உட்கார்ந்தவன் இடது பக்கம் திரும்ப வேண்டும். புதிதாக வந்தவன் சொன்னபடி திரும்பிக் காதோரம் கீறல் வாங்குவான். தெருவாசிகளுக்குப் பழகிவிட்டது. அவன் வலது என்றால் இடது, இடது என்றால் வலது. யாரும் யோசிப்பதுகூடக் கிடையாது.

இதை வைத்து ஒரு கேலியைக் கிளப்பிவிட்டவர் எதிர்வரிசையில் அச்சகம் வைத்திருந்த பிரஸ்காரர். சலூன்காரன் அவருடைய தங்கை புருஷன். "கடைசி நாள்ல மோட்சம் போற செம்மறியாடு வலப்பக்கம், நரகம் போற வெள்ளாடு இடப்பக்கம்னு பிரிச்சு நிறுத்துவாங்களாமே. எங்க மாப்பிள்ளை பேச்சைக் கேட்டுப் போனீங்க, நேரா வெள்ளாட்டுக் கூட்டத்துலதான் போய் நிப்பீங்க. கைப்பக்கம் தெரியாத மனுஷன் பரலோகத்துக்கு வழி சொல்றான்யா!" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். தெரு முழுக்கச் சிரிக்கும். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரிப்பான், அதுதான் அவருக்கு எரிச்சல்.

பிரஸ்காரருக்குச் சாமியும் கிடையாது, பூதமும் கிடையாது. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ரப்பர் ஸ்டாம்ப், சபைக்காரர்கள் தெருத்தெருவாக விநியோகிக்கக் கொண்டு வரும் கைப்பிரதி, எல்லாவற்றையும் ஒரே மனசோடு அடித்துக் கொடுப்பார். மை அப்பிப்போன தாள்களை மாப்பிள்ளை கத்தி துடைக்க அனுப்புவது வழக்கம். அதிலும் விஷமம் உண்டு. வேண்டுமென்றே வசனம் அச்சாகிக் கெட்டுப்போன கைப்பிரதிகளாகப் பொறுக்கி அனுப்புவார். அவன் அதில் கத்தியைத் துடைப்பானா? மாட்டான். எறியவும் மனசு வராது. சலூன் மூலையில் ஒரு சாக்கு நிறைய ஆண்டவருடைய வார்த்தை மை அப்பிக் கிடக்கும். வாங்கிய பழைய நியூஸ்பேப்பரைக் கிழித்துத்தான் கத்தியைத் துடைப்பான். பிரஸ்காரர் வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார். பத்திரிகைகளை மடித்துக் கொண்டிருக்கும் அந்த அம்மாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டு, "பாவம், விடுங்க. வாயில்லாப் பூச்சி" என்பாள். "அவனா வாயில்லாப் பூச்சி? வாயைத் தவிர அவன்கிட்ட என்ன இருக்கு?" என்பார் இவர்.

அந்த அம்மா இப்போது இல்லை. சமையல்கட்டில் நின்றபடியே சரிந்தவள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேச்சில்லாமல் கொஞ்ச நாள் கிடந்துவிட்டுப் போய்விட்டாள். வலது பக்கம் முழுசாக விழுந்துவிட்டது. பிரஸ்காரர் கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இடது கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருன்னு தெரியுதா? தெரிஞ்சா ஒரு தடவை அழுத்து. லேசா அழுத்தினா போதும்" என்று கெஞ்சியிருக்கிறார். யாரிடமும் கெஞ்சாத மனுஷன். கை வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அழுத்தவில்லை.

அவள் போன பிறகு அவருடைய கேலி இன்னும் கூர்மையாகிவிட்டது. ஆறுதல் சொல்ல வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே கடித்து அனுப்பினார். "நல்ல இடத்துல இருப்பாங்க" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த இடம்? பின்கோடு சொல்லுங்க" என்பார்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் பாஸ்டரம்மா அச்சகத்துக்கு வந்தாள். கைப்பிரதி அடிக்க வேண்டுமாம்.

"இந்தத் தடவை வெளியூர் சாட்சியெல்லாம் வேண்டாம்ணே, நம்ம சாட்சியே போட்டுடலாம்னு பாஸ்டர் சொல்லிட்டார். உங்க வீட்டம்மாவோட சாட்சி."

பிரஸ்காரர் மெஷினை நிறுத்தினார். "என் வீட்டம்மாவுக்கும் உங்க சாட்சிக்கும் என்ன சம்பந்தம்?"

"ஐயோ, உங்க மாப்பிள்ளை உங்ககிட்ட சொல்லலையா? கடைசி நாள் நீங்க மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்ப அவர்தானே பக்கத்துல இருந்தார். 'அக்கா, பேச முடியலன்னா பரவாயில்ல. இயேசுவை ஏத்துக்கிறீங்கன்னா என் கையை அழுத்துங்க'ன்னு கேட்டாராம். அழுத்துனாங்களாம்ணே! சந்தேகமா இருக்குன்னு மறுபடி கேட்டாராம், மறுபடியும் அழுத்துனாங்களாம். சபையில சொன்னப்ப அழாத ஆள் கிடையாது. உங்ககிட்ட சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துட்டார் போலிருக்கு."

பாஸ்டரம்மா போன பிறகும் பிரஸ்காரர் மெஷினைப் போடவில்லை. அவருக்கு வந்த கோபத்தைச் சாதாரணக் கோபம் என்று சொல்ல முடியாது. பேச்சில்லாமல் கிடந்தவளையும் அந்தப் பாவி தன் கணக்கில் வரவு வைத்துக்கொண்டானே! சோப்பு நுரைக்குப் பதில் பக்கவாதம், அவ்வளவுதானே வித்தியாசம்! இது முதல் கோபம். இதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். தான் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டபோது அழுத்தாத கை, அந்தக் கோமாளி கேட்டதும் அழுத்தியதா? நிஜமானால், கட்டிய புருஷனுக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று. நிஜமானால் அவள் எங்கேயோ இருக்கிறாள். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவர் எழுந்து செருப்பை மாட்டினார். நினைப்பை வளர விடக்கூடாது. நேரே போய் அவன் முகத்திரையைக் கிழித்தால்தான் நிம்மதி.

சலூனில் டீக்கடைக்காரர் பாதி நுரையோடு நாற்காலியில் இருந்தார். பெஞ்சில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். நல்லது, சாட்சிக்கு ஆள் வேண்டும் அல்லவா.

"வாங்க மச்சான்" என்றான் மாப்பிள்ளை, முகமெல்லாம் சிரிப்பாக.

"என் பொண்டாட்டியை ரட்சிச்சுட்டியாமே?"

சிரிப்பு போய்விட்டது. கத்தியைக் கீழே வைத்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன் மச்சான். நீங்க எப்படி எடுத்துக்குவீங்களோன்னு..."

"உன் கையை அழுத்துனாளா?"

"அழுத்துனாங்க மச்சான்."

"எந்தக் கை?"

மாப்பிள்ளை கண்ணை மூடினான். அந்தக் கட்டிலை, அந்த முகத்தை, எதிரே கொண்டு வந்து நிறுத்திப் பார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றான். "வலது கை. கர்த்தருக்கு முன்னாடி சொல்றேன் மச்சான், வலது கை."

பிரஸ்காரர் இதற்காகத்தானே வந்தார்! "கேட்டுக்குங்க எல்லாரும்" என்றார் பெஞ்சைப் பார்த்து. "வலது பக்கம் மொத்தமா விழுந்து கிடந்தவ. வலது கால் கிடையாது, வலது கை கிடையாது, பேச்சு கிடையாது. அந்தக் கையில ஊசி குத்தினாக்கூட அவளுக்குத் தெரியாது. செத்த கை ரெண்டு தடவை அழுத்துச்சாம்! செத்துப்போன லாசரு கல்லறையிலிருந்து எழுந்து வந்ததெல்லாம் ஒண்ணுமில்ல, எங்க மாப்பிள்ளை செஞ்ச அற்புதத்துக்கு முன்னாடி!"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் நுரைக்குள்ளிருந்து கண்ணை உருட்டினார்.

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப் போயிருந்தது. தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான். "வலது பக்கமா விழுந்துச்சு? எனக்கு... நான் பிடிச்ச கை சூடா இருந்துச்சே மச்சான்."

"சூடா இருந்தது உன் நாக்கு. உனக்கு ஆத்துமாக் கணக்கு ஏறணும், அதுக்கு என் வீட்டுச் சாவா கிடைச்சுது? ஊரான் கண்ணை உருட்டினா உனக்கு ஒரு ஆத்துமா. அது உன் பாடு, அவன் பாடு. அவ பேரை இனிமே உன் வாயால சொல்லாதே."

சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஜெயித்தாகிவிட்டது. தெருவைக் கடப்பதற்குள்ளேயே வயிற்றில் ஏதோ காலியான மாதிரி இருந்தது. காலையில் சாப்பிடாததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சாப்பிட்டுப் பார்த்தார். சரியாகவில்லை. வேறொன்றுமில்லை, அந்த மூன்றாவது நினைப்பைத் தன் கையாலேயே நெரித்துவிட்டு வந்திருந்தார். அது அவருக்கே தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழிந்த மறுநாள் தங்கச்சி வந்து அச்சக வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, உனக்கு இப்ப மனசு குளிர்ந்துச்சா?"

"உள்ள வந்து பேசு."

"வர மாட்டேன். அந்த மனுஷன் சபையில எழுந்து நின்னு, 'நான் சொன்ன சாட்சி தப்பு. ஆசையில நானே அப்படி நினைச்சுக்கிட்டேன் போலிருக்கு. செத்தவங்க பேர்ல பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க'ன்னு அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னாருண்ணா. இதுவரைக்கும் சொன்ன எல்லா ஆத்துமாவையும் சேர்த்துத் திருப்பி எடுத்துக்கிட்டாரு. 'எனக்கு யாரு கண்ணை உருட்டினாங்க, யாரு மனசு மாறினாங்கன்னு தெரியாது'ன்னு. பாஸ்டருக்கே மூஞ்சி தொங்கிப்போச்சு. இப்ப கடையில நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டுட்டாரு. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்ல. வீட்லயும் பேசறதில்ல."

"நல்லதாப் போச்சு. தெருவுக்கு நிம்மதி."

"அண்ணி இருந்திருந்தா உன்னை இப்படிப் பேச விட்டிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

தெருவுக்கு நிம்மதியா வந்தது? சலூனில் இப்போது கத்திரிச் சத்தம் மட்டுந்தான் கேட்கிறதாம். ஆட்கள் கண்ணாடியில் தங்கள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, அலுத்துப்போய்க் கிளம்புகிறார்களாம். "முன்னெல்லாம் திட்டிக்கிட்டாவது வருவோம்ணே" என்றார் டீக்கடைக்காரர். "இப்ப ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி இருக்கு."

பிரஸ்காரர் முகத்தைத் தானேதான் மழித்துக்கொள்வார். மாப்பிள்ளை சபையில் சேர்ந்த நாளிலிருந்து அவனிடம் கழுத்தைக் கொடுத்ததில்லை. ஆனால் ஒரு மத்தியானம், தாடியைத் தடவிக்கொண்டே தெருவைக் கடந்து போனார். எதற்குப் போகிறோம் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்: தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளே, அவளுக்காக. நல்ல காரணம்தான். கடையில் வேறு யாரும் இல்லை.

"வாங்க மச்சான்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஷேவிங் பண்ணணும்."

நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் ஒரு கிழவன் தெரிந்தான். மாப்பிள்ளை துண்டைப் போர்த்தி, பிரஷ்ஷால் நுரையை ஏற்றினான். உதட்டைத் தொட்டது நுரை. பிரஸ்காரர் காத்திருந்தார். இதோ ஆரம்பிப்பான், இதோ கேட்பான் என்று காத்திருந்தார். அவன் கேட்கவில்லை. கத்தி கரகரவென்று கன்னத்தில் இறங்கியது. அட, கேட்டுத்தான் தொலையேன்! சாகப்போகிற வயசில் ஒருத்தன் உன்னிடம் கழுத்தைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறான், அவனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு?

கழுத்துக்கு வந்ததும் மாப்பிள்ளை பழைய பழக்கத்தில் கண்ணாடியை மறைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

"வலது பக்கம் திரும்புங்க மச்சான்."

பிரஸ்காரர் இடது பக்கம் திரும்பினார்.

திரும்பிய பிறகுதான் உறைத்தது. அவர் யோசித்துத் திரும்பவில்லை. தெருவில் எல்லாரும் திரும்புகிற மாதிரி, கழுத்து தானாகத் திரும்பியது. எதிரே இருக்கிற ஆளின் இடது இவனுக்கு என்றைக்குமே வலது. இதைச் சொல்லிச் சொல்லியே தெருவைச் சிரிக்க வைத்தவர் யார்? ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தை இடவலம் மாற்றி வெட்டியே வயிறு வளர்த்தவர் யார்? அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. விழுந்துபோன பக்கம் சுவர்ப் பக்கம். ஸ்டூல் போட இடம் மற்றப் பக்கத்தில் மட்டுந்தான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதானே அவரும் கெஞ்சினார்! அவனும் அதே ஸ்டூலில் உட்கார்ந்து, விழாத கையைத்தானே பிடித்திருப்பான்! பாவி மனுஷன், சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதை நெரித்து, அவன் வாயாலேயே பொய் என்று சொல்ல வைத்து, இந்த உலகத்தில் அவளுக்காக இருந்த ஒரே சாட்சியையும் கலைத்துவிட்டு வந்திருக்கிறோமே!

பேச முடியவில்லை. உதட்டில் நுரை, தொண்டையில் கத்தி. பிரஸ்காரர் துண்டுக்கு அடியிலிருந்து கையை எடுத்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். அழுத்தினார்.

"ஐயோ, வெட்டிடுச்சா மச்சான்?" பதறிக் கத்தியை விலக்கினான்.

மறுபடியும் அழுத்தினார்.

மாப்பிள்ளை அந்தக் கையைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். "இப்படித்தான் மச்சான்" என்றான் மெதுவாக. "அக்காவும் இப்படித்தான். இதே கைதான், வலது கை. நீங்க சொன்னப்புறம் நான் யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். நான் பொய்யனாவே இருக்கலாம், ஆனா எனக்கு இந்தக் கைதான் ஞாபகத்துல இருக்கு. சூடா இருந்துச்சு. மன்னிச்சிடுங்க மச்சான், இனிமே சொல்ல மாட்டேன்."

அவன் கையைப் பிடித்திருந்தது அவருடைய இடது கை.

பிரஸ்காரரின் கண்ணிலிருந்து வழிந்தது நுரையில் இறங்கியது. வயசுக்கும் வாய்க்கும் கொஞ்சமும் பொருந்தாத அழுகை. தன்னிடம் அழுத்தாதவள் இவனிடம் அழுத்தியிருக்கிறாள். அது வலிக்கத்தான் செய்தது. இருந்தால் இருக்கட்டும். அவள் அழுத்தியிருக்கிறாள். இனி அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அதைத் தெருவில் யாரிடமும் கேட்க முடியாது, இந்தக் கோமாளியிடம் மட்டுந்தான் கேட்க முடியும்.

வாயைத் திறந்தார். சோப்பு உள்ளே போனது. துப்பவில்லை.

"நாற்காலியைத் திருப்பிப் போடு மாப்பிள்ளை" என்றார். "அந்தக் கத்தியைக் கீழ வச்சிட்டுச் சொல்லு. அவ எங்க போயிருக்கா?"